சேலைக்கு மேலே ஒரு சட்டை

உங்கள் சமையலறை அலமாரியில் 'சைனா கிராஸ்' பாக்கெட் ஒன்று இருக்கிறதா? இருந்தால் ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பாருங்கள், சகோதரிகளே. வெள்ளை வெளேரென்று, எடையே இல்லாமல், காய்ந்த நார் மாதிரி இருக்கும். பிள்ளைகளின் பிறந்த நாளுக்கும் கோடை விடுமுறைக்கும் பால், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, இறுகியதும் வில்லை வில்லையாக வெட்டிக் கொடுப்போமே, அதுதான். இந்தப் பொருளுக்குப் பின்னால் பெண்கள் இருக்கிறார்கள். அதுவும் கடலுக்குள் இறங்கி, பாறை பாறையாக நீந்திப் போகும் பெண்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடி. கைலி நெசவுக்குப் பேர் போன ஊர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடலூர்க் கடற்கரை. ஆனாலும் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் சம்பந்தமே கிடையாது. வடலூர் பக்கத்து ஊர். என் மாமியார் வள்ளலார் வழியில் வந்தவர். மீன் வாடை எங்கள் வாசற்படியைத் தாண்டாது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போய்க் காலை நனைத்துவிட்டு வருவோம், அவ்வளவுதான் எங்கள் கடல்.

இந்தக் கடல்பாசி எங்கள் வீட்டுக்குள் வந்தது பரங்கிப்பேட்டையிலிருந்து. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த சிநேகிதிக்கு அதுதான் ஊர். நோன்பு மாதம் வந்துவிட்டால் அவர்கள் வீட்டில் தினமும் கடல்பாசி உண்டு. ரோஸ், பச்சை, இளநீர் ஊற்றியது என்று அலாதியாகச் செய்வாள். பத்துக் கிராம் பாசியைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அடுப்பில் வைத்து முழுசாகக் கரைகிற வரைக்கும் கிளறி, சர்க்கரை போட்டுக் காய்ச்சிய ஒரு லிட்டர் பாலில் வடிகட்டி ஊற்றினால் சரியாக இருக்கும். கரையாமல் ஒரு நார் மிச்சம் இருந்தாலும் வாயில் தட்டும், ஜாக்கிரதை. ஃப்ரிட்ஜ் கூட வேண்டாம், வெளியிலேயே உறைந்துவிடும். "ஜெலட்டின் என்பது மாட்டு எலும்பிலும் தோலிலும் எடுப்பது, இது சுத்தமான தாவரம்" என்று அவள் சொன்ன பிறகுதான் என் மாமியார் ஒரு வில்லை வாயில் போட்டார். பிறகு இன்னொன்று கேட்டார்.

வெளியிலேயே உறையும் என்றேனே, அந்தக் குணத்துக்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1881-ல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ் என்ற டாக்டர், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக் இருக்கிறாரே, அவருடைய பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்தார். கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்ப்பார்கள். வெயில் வந்தால் ஜெலட்டின் உருகி ஓடிவிடும். சில கிருமிகள் அதைத் தின்றும் விடும். ஹெஸ்ஸின் மனைவி ஃபேனி தன் சமையலறையில் ஜெல்லி செய்ய அகர் உபயோகிப்பவர். ஜாவாவில் வாழ்ந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது அது. "இதைப் போட்டுப் பாருங்களேன், இது வெயிலுக்கு உருகாது" என்று யோசனை சொன்னவர் அவர்தான். அதிலிருந்து இன்று வரைக்கும் நாம் ரத்தம், சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுத்தால் லேபில் கிருமி வளர்த்துப் பார்ப்பது இந்தப் பாசிக் கூழின் மேல்தான். 1882-ல் காக் தன் கட்டுரையில் அகரைப் பற்றி எழுதினார். அந்த அம்மாளின் பெயரை எழுதவில்லை. சமையலறையிலிருந்து போகிற யோசனைக்கு யார் பெயர் போட்டிருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்!

இனி ராமேசுவரத்துக்கு வருகிறேன். புதுப் பாம்பன் பாலத்தை 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தார்கள் அல்லவா, அதில் ரயில் போவதைப் பார்க்க வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. மாமனார் திதியும் பாக்கி இருந்தது. எங்கள் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன் மண்டபத்தில் வேலையாக இருப்பதால் இரண்டு நாள் தங்கினோம்.

மறுநாள் விடியற்காலை பால் வாங்கப் போன இடத்தில்தான் அவர்களைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள், கையில் தூக்குச் சட்டி, தோளில் வலைப்பை, கடற்கரையை நோக்கி விறுவிறு என்று நடக்கிறார்கள். எல்லோரும் சேலை கட்டி, அதன்மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர், ஐம்பத்தைந்து வயது இருக்கலாம், விரல் ஒவ்வொன்றுக்கும் துணிக் கிழிசலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே நடந்தார். நம் வீட்டில் மிஷின் தைக்கிறவர்கள் சுற்றிக்கொள்வதைப் போல.

"எங்கே அக்கா, நடவுக்கா?" என்று கேட்டேன்.

"நடவு இல்ல தங்கச்சி, அறுப்பு. பாசி எடுக்கப் போறோம்" என்றார்.

படகு வரும் வரைக்கும் கரையில் உட்கார்ந்தார்கள். நானும் பால் பாத்திரத்தோடு உட்கார்ந்துவிட்டேன். என் மாமியார் தேடிக்கொண்டு வந்து, அவரும் உட்கார்ந்துகொண்டார்.

மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் சின்னச் சின்னதாக 21 தீவுகள். குருசடைத் தீவு, சிங்கில் தீவு, மனோலி, முயல் தீவு என்று பெயர்கள். தீவைச் சுற்றிக் கடலுக்கு அடியில் பவளப் பாறை. அந்தப் பாறையில்தான் பாசி முளைக்கிறது. இவர்களுக்குப் பாசியின் பெயரெல்லாம் நம் தோட்டத்துச் செடி மாதிரி மனப்பாடம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. முதல் இரண்டும்தான் அகர் ஆகிறது, அதாவது நம் தட்டுக்கு வருகிறது. கட்டக்கோரையிலும் பக்கோடாப் பாசியிலும் எடுக்கிற பசை துணிக்குச் சாயம் அச்சிடவும், ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்கவும் போகிறது. நெசவு ஊர்க்காரியான எனக்கு இது புது சமாசாரம். எங்கள் ஊரில் கைலிக்குப் பாவு போடும்போது கஞ்சிப் பசை போடுவார்கள். கடலிலும் ஒரு பசை இருக்கிறது!

அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் கடல் நன்றாக வற்றும். அந்த நாட்களில்தான் வேலை. டீசல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரு படகில் போவார்கள். பாறைக்குக் கொஞ்ச தூரத்திலேயே படகு நின்றுவிடும். அங்கிருந்து குதித்து நீந்திப் போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைகுப்புற இறங்கி, பாறையில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பறித்து, இடுப்பில் கட்டின பைக்குள் திணித்து, மேலே வந்து மூச்சு விட்டு, மறுபடி இறங்க வேண்டும். வேரோடு பிடுங்கக் கூடாது. அடியை விட்டுவிட்டு நுனியைக் கிள்ளினால் மறுபடி தழைக்கும். கீரைப் பாத்தியில் நாம் செய்கிற அதே காரியம்தான். என்ன, கீரைப் பாத்தி ஆடாது.

"இந்தச் சட்டை யாரோடது அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரோடதுதான். வெறும் சேலையோட இறங்குனா அலை தூக்கி மூஞ்சியில போடும். காலச் சுத்திக்கும். சட்டையப் போட்டு இடுப்புல இறுக்கிக் கட்டுனாத்தான் கை வீச முடியும்."

காலில் தடித்த ரப்பர் செருப்பு. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. அது இல்லாமல் ஒன்றும் தெரியாது. சிலரிடம் ரப்பர் கையுறை இருந்தது, பாறைக்கு அது நாலு நாள் தாங்கினால் பெரிது என்றார்கள். அந்த அக்கா கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் கோடு கோடாகப் பழைய தழும்பு. பவளப் பாறை கத்தி மாதிரி. அது கீறினால் லேசில் ஆறாது. முள் உருண்டையை மிதித்தால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும். சொறி மீன் உடம்பில் பட்டால் சாட்டையால் அடித்த மாதிரி தடிக்கும். நாலைந்து மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்தால் தோல் வெந்து போகிறது, கண் சிவந்து போகிறது. இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. நாம் சுடுதண்ணீர் கையில் கொட்டியதைச் சொல்லுவோமே, அந்த மாதிரி சொன்னார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. கடலில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்களாம். பெண்களுக்கு நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தாரையில் கிருமி எல்லாம் வருவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற நம் பெண்களும், துணிக்கடையில் நிற்கிற பெண்களும் இதே காரணத்துக்காகத்தான் தண்ணீர் குடிப்பதில்லை. கரைக்கு வந்த உடனேயாவது இரண்டு செம்பு குடிக்கச் சொன்னேன். "குடிப்போம் தங்கச்சி, வந்ததும் டீதான் மொதல்ல" என்று சிரித்தார்.

அப்போதுதான் என் செல்போனில் இருந்த ஒரு போட்டோ ஞாபகம் வந்தது. என் நாத்தனார் மகன் அமெரிக்காவில் நியூயார்க்கில் வேலை பார்க்கிறான். கம்ப்யூட்டர் வேலை. லீவு வந்தால் அவனுக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு. நியூயார்க்குக்குக் கிழக்கே நீண்டு கிடக்கிற லாங் ஐலண்ட் தீவின் கடைக்கோடியில் மான்டாக் என்று ஓர் ஊர். அங்கே ராத்திரியில், தலையிலிருந்து கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் உடை மாட்டிக்கொண்டு, தூண்டிலைக் கையில் பிடித்தபடி கடலுக்குள் நீந்திப் போய், அலை மோதுகிற பாறை மேல் ஏறி நின்று மீன் பிடிக்கிறார்கள். உடம்பில் கோடு போட்ட 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்கிற மீன் இருட்டில்தான் கரை ஓரம் இரை தேடி வருமாம். காலில் ஆணி வைத்த ஷூ, கழுத்தில் ஒரு விளக்கு, இடுப்பு பெல்ட்டில் கொறடு. அவனுடைய அம்மா இந்தப் போட்டோவைப் பார்த்த அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

போனை அந்தப் பெண்களிடம் காட்டினேன். ஒருத்தி பார்த்துவிட்டு, "யாருக்கா இது, ஓங்கில் மாதிரி!" என்றாள். போன் கை மாறிக் கை மாறிப் போனது.

"ராத்திரியிலயா போறாப்ல? கூட யாரு?"

"கூட்டாளி ஒருத்தன் போவானாம்."

"மீன என்ன வெலைக்கு விப்பாப்ல?"

"விக்க மாட்டான் அக்கா. அளந்து பார்ப்பான். சட்டப்படி இருக்கிற அளவுக்குச் சின்னதோ பெரிசோ ஆனால் திரும்பத் தண்ணியிலேயே விட்டுடணும். பாதி நாள் விட்டுட்டுத்தான் வருவான்."

அவ்வளவுதான், கடற்கரையே அதிர்ந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். என் மாமியாருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. மீனைத் திரும்ப விடுகிறான் என்பதில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது. அந்தப் பெரிய அக்கா மட்டும் போட்டோவை இரண்டு விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தபடியே இருந்தார்.

"இந்தச் சட்டை என்ன வெல வரும் தங்கச்சி?" என்று கேட்டார்.

நம் ரூபாயில் பல ஆயிரம் என்று சொன்னேன். போனை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி விரலுக்குத் துணி சுற்ற ஆரம்பித்தார்.

ஊருக்கு வந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன், அந்த ரப்பர் உடை என்ன மாயம் செய்கிறது என்று. அவன் சொன்னதையும் என் மகள் தேடிப் படித்துச் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். நியோப்ரீன் என்கிற ரப்பர் நுரையில் செய்தது அது. உள்ளே பொடிப் பொடிக் காற்றுக் குமிழ்கள். உடலை ஒட்டிப் பிடிக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகுந்து, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும், குளிர் அண்டாது. 1952-ல் ஹ்யூ பிராட்னர் என்கிற கலிபோர்னியா விஞ்ஞானி கண்டுபிடித்தார். காற்றுக் குமிழ் இருப்பதால் தானே மிதக்கும். அதனால் பாறையிலிருந்து வழுக்கி விழுந்தாலும் ஆள் மூழ்கமாட்டான். முன்பெல்லாம் மார்பு வரைக்கும் நீள்கிற ரப்பர் காலுறை போட்டுக்கொண்டு போவார்களாம். அதற்குள் தண்ணீர் நிரம்பிவிட்டால் கரையேறுவது பெரும்பாடு. இதைக் கேட்டதும் எனக்குச் சேலைதான் நினைவுக்கு வந்தது. ஆறு கஜமும் நனைந்தால் என்ன கனம் என்று துணி துவைக்கிற நமக்குத் தெரியாதா?

மன்னார் வளைகுடாத் தண்ணீர் வெதுவெதுப்பானதுதான், அமெரிக்கா மாதிரி உறைகிற குளிர் கிடையாது. இருந்தாலும் வெதுவெதுப்பான தண்ணீரும் நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவுதான். மணிக்கணக்கில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு இறங்கி நடுக்கம் வரும். அதோடு, மெல்லிசான ரப்பர் உடை ஒன்று இருந்தால் பாறைக் கீறலும் சொறி மீனும் உடம்பைத் தொடாது. அமெரிக்காவில் அது பொழுதுபோக்குக்குக் கிடைக்கிறது, இங்கே வயிற்றுப்பாட்டுக்குக் கிடைக்கவில்லை.

தென் கொரியாவில் ஜெஜு என்ற தீவிலும் இப்படிப் பெண்கள் இருக்கிறார்கள். ஹென்யோ என்று பெயர். பத்து மீட்டர் ஆழம் வரைக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் முங்கி, ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துச் சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள். எண்பது வயதுப் பாட்டிகூட இறங்குவாராம்! 1970-கள் வரைக்கும் வெறும் பருத்தி உடைதான். குளிர் தாங்காமல் அடிக்கடி கரைக்கு வந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து காய்ந்துவிட்டுப் போவார்களாம். ரப்பர் உடை வந்த பிறகு மணிக்கணக்கில் தண்ணீரில் இருக்க முடிந்தது. ஆனால் இதில் ஒரு சிக்கல். அதிக நேரம் இருந்தால் அதிகமாக எடுப்பார்கள், கடல் காலியாகிவிடும். அதனால் வருஷத்தில் எத்தனை நாள் இறங்கலாம், எந்த அளவுச் சிப்பியை விட்டுவிட வேண்டும் என்று அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள். 2016-ல் யுனெஸ்கோ இவர்களுடைய வாழ்க்கை முறையை மனித குலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியமாகச் சேர்த்தது.

நம் பாம்பன் பெண்களும் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. பவளத்தைக் காப்பாற்ற வேண்டும், யாரும் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். பாட்டி காலத்திலிருந்து இதே பாறையில் பாசி எடுத்த பெண்கள் எங்கே போவார்கள்? பவளம் அழிந்தால் பாசியும் இல்லை, மீனும் இல்லை என்பதும் உண்மை. என்னைக் கேட்டால், அந்தப் பாறை நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலை, அதைத் தினம் தொடுகிறவளுக்குத்தான் முதலில் இருக்கும். அந்தப் பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவது. மீன் இனவிருத்திக் காலத்தில் போவதில்லை. இரும்புக் கருவி எதுவும் கிடையாது, கையால்தான் பறிப்பது. இதற்காகப் பேசிப் பாடுபட்ட, பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-ல் அமெரிக்காவில் 'சீகாலஜி' என்ற அமைப்பு பரிசு கொடுத்தது. பத்தாயிரம் டாலர். தீவுகளைக் காப்பாற்றுகிறவர்களுக்கு உலக அளவில் கொடுக்கிற பரிசு அது.

கடலில் பாறைக்கு நீந்திப் போனவர் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவர் சுவாமி விவேகானந்தர். 1892-ல் குமரிமுனையில் போனார். 1970-ல் அந்தப் பாறையில் மண்டபம் எழும்பிற்று. மாதம் பன்னிரண்டு நாள் போகிறவர்களை நான் கேள்விப்படவே இத்தனை வருஷம் ஆயிற்று.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் ஊர்க் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக் கூடிய தேதியா? சுனாமிக்கு மறு வருஷம் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், கடலூர் மாவட்டத்தில் ஆண்களைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெண்கள் செத்துப்போனார்கள் என்று போட்டிருந்தது. ஆண்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அலை படகுக்கு அடியில் போய்விட்டது. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை வேகமாக ஓட முடியும்? மீனவக் குடும்பத்திலேயே பெண்களுக்கு நீச்சல் தெரியாது. காலைச் சேலை கட்டிற்று.

கடலே வேண்டாம், நம் பக்கத்து ஆற்றைப் பாருங்கள். 2022 ஜூன் மாதம் நெல்லிக்குப்பம் அருகே குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன ஏழு பெண்கள் மூழ்கிப் போனார்கள். எல்லாம் சின்னப் பெண்கள். ஒருத்தியைக் காப்பாற்ற ஒருத்தி இறங்கி, இப்படி ஏழு பேர். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் அடுப்பு எரிந்ததே ஒப்புக்குத்தான். எல்லா வீட்டிலும் பெண்களுக்கு ஒரே உத்தரவு: "தண்ணிப் பக்கம் போகாதே."

எனக்கு அந்த உத்தரவில் சமாதானம் இல்லை. 2015 நவம்பரில் குறிஞ்சிப்பாடி வட்டத்தில் வெள்ளம் வந்தபோது நாங்கள் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை, தண்ணீர்தான் எங்கள் பக்கம் வந்தது. தெருவில் இடுப்பளவு ஓடிற்று. பெருமாள் ஏரியும் பரவனாறும் இருக்கிற ஊரில் வாழ்ந்துகொண்டு, பெண்ணைத் தண்ணீருக்குப் பயந்தவளாக வளர்த்துக் கட்டிக் கொடுப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மூழ்குகிறவரைக் காப்பாற்ற நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. தெரிந்தவர்கூட யோசித்துத்தான் இறங்க வேண்டும். மூழ்குகிறவர் பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வார், இரண்டு பேரும் போவார்கள். கயிறு, மூங்கில், காலி பிளாஸ்டிக் குடம், எது கிடைத்தாலும் கரையிலிருந்து வீச வேண்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணையில் நாலு இளைஞர்கள் மூழ்கினபோது, அங்கே இருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். தமிழ்நாடு அரசு அந்த மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. வெட்கம் பார்த்திருந்தால் அந்த இரண்டு பிள்ளைகளும் இல்லை. சேலை காலைக் கட்டும் என்று மேலே எழுதினேன், அது கயிறாகவும் ஆகும்.

ராமேசுவரத்திலிருந்து திரும்புகிற வழியில் ரயிலிலேயே என் மகளிடம் கேட்டேன், நீச்சல் கற்றுக்கொள்கிறாயா என்று. பிளஸ் ஒன் படிக்கிறாள். "யாரு சொல்லித் தருவா?" என்றாள். வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். மாமியார்தான், "வயசுப் பொண்ணு, ஊரு என்ன பேசும்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. விழுப்புரம் பக்கத்து ஊரில் இருக்கிற என் அப்பாவின் தங்கைக்குப் போன் போட்டேன். அறுபத்தாறு வயது. சின்னப் பிள்ளையில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகினவர் அவர். அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண்கள் பம்ப்செட் வருகிறதற்கு முன்பிருந்தே கிணற்றில் குதித்து விளையாடியிருக்கிறார்கள். நடுவில் எப்போதோ அந்த வழக்கம் நின்றுவிட்டது. டவுன்காரர்கள் ஆகிவிட்டோம் அல்லவா!

"இதுக்கா இத்தன நாள் யோசிச்ச? ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வா. படிக்கட்டு இருக்கிற கெணறு நம்முளுது. ஆம்பளைங்கள அந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லிப்புடறேன்" என்றார் அத்தை.

சுரைக்குடுக்கைக்குப் பதில் இப்போது ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு. மூடியை இறுக்கி மூடி, முதுகுப் பக்கம் வருகிற மாதிரி இடுப்பில் கட்டுகிறார்கள். கயிற்றின் ஒரு முனை எப்போதும் மேலே ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பதில் அத்தை ரொம்பக் கண்டிப்பு. சாப்பிட்ட கையோடு இறங்கக் கூடாது. துப்பட்டா கூடவே கூடாது. லெகிங்ஸும் அரைக்கைச் சட்டையும்தான். முதல் ஞாயிறு படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காலை உதைப்பது மட்டும். இரண்டாம் ஞாயிறு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விடுவது. "மூச்சு விடத் தெரிஞ்சா பாதி நீச்சல் வந்துரும், கை காலெல்லாம் அப்புறம்" என்பது அத்தையின் பாடம். ஐந்தாவது வாரம் ஒரு கேனைக் கழற்றினார். ஏழாவது வாரம் இன்னொன்று.

இப்போது மகள் கிணற்றின் குறுக்கே போய்த் திரும்புகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூட வருகிறார்கள். நானும் மூன்று வாரமாக இறங்குகிறேன். எனக்கு இன்னும் இரண்டு கேனும் வேண்டியிருக்கிறது. போன வாரம் கிளம்பும்போது மாமியார், கிணற்றுத் தண்ணீர் கண்ணில் படுமே, அந்த ராமேசுவரத்துப் பொம்பளைகள் போட்டிருந்த மாதிரி ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். கடலூருக்குப் போகும்போது வாங்க வேண்டும்.